தெரிந்ததைச் சொன்னால் சுகம் உண்டா? கொக்குப் பாட்டுப் பாடிச் சிறை சென்ற திருமங்கலம் நடிகர்

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள். "தவளை தன் வாயால் கெடும்" என்றும் சொல்வார்கள்.

இரண்டும் தமிழ்ப் பழமொழிகள்தான். ஒரே தாய், ஒரே பிள்ளைக்கு இரண்டையும் சொல்வது உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது முதல் பழமொழி. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்கும்போது இரண்டாவது பழமொழி!

"படி, அறிவு வளரும்" என்று ஊர் சொல்கிறது. படித்துத் தெரிந்து கொண்டதை ஒருவன் வாய் திறந்து சொன்னால், "உனக்கு ஏன் இந்த வம்பு?" என்று அதே ஊர் கேட்கிறது.

அப்படியானால், அறிவு இன்பம் தருமா? துன்பம் தருமா? ஒன்றும் தெரியாதவன்தான் நிம்மதியாகத் தூங்குகிறானா?

இந்தக் கேள்வி மதுரைக்குப் புதிது அல்ல. 

பொற்றாமரைக் குளத்துக் கதை

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள், பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் சிறிது நேரம் உட்கார்ந்து விட்டு வருவார்கள். அந்தக் குளத்துக்கு ஒரு கதை உண்டு. பரஞ்சோதி முனிவர் எழுதிய திருவிளையாடல் புராணத்தில் அந்தக் கதை வருகிறது. 1965-ல் வெளிவந்த "திருவிளையாடல்" படத்தைப் பார்த்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். சிவபெருமானாக சிவாஜி கணேசனும், தருமியாக நாகேஷும், நக்கீரராக அந்தப் படத்தின் டைரக்டர் ஏ.பி.நாகராஜனும் நடித்தார்கள்.

பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம். அதைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு. ஏழை தருமிக்காக இறைவனே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். பாட்டைக் கேட்டு மன்னன் மகிழ்ந்தான். பரிசைக் கொடுக்கச் சொல்லி விட்டான்.

மன்னனுக்குத் திருப்தி. தருமிக்குப் பசி தீரப் போகிறது. யாருக்கும் நஷ்டம் இல்லை. நக்கீரர் பேசாமல் இருந்திருக்கலாம் அல்லவா?

அவர் பேசாமல் இருக்கவில்லை. பாட்டில் குற்றம் இருப்பதாகச் சொன்னார். பாட்டை எழுதியவரே நேரில் வந்தார். நெற்றிக் கண்ணையும் திறந்து காட்டினார். அப்போதும் நக்கீரர் தன் சொல்லை மாற்றவில்லை. வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் போய் விழுந்தார். பிறகு இறைவனே அவரைக் கரையேற்றினார் என்று கதை முடிகிறது.

இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சிவபக்தர்கள். அவர்கள் கூட நக்கீரரை வெறுப்பதில்லை. இன்றைக்கும் யாராவது ஒருவர் பயப்படாமல் தவறை எடுத்துச் சொன்னால், "இவர் பெரிய நக்கீரர்!" என்கிறார்கள். கேலியாகச் சொன்னாலும், அதில் ஒரு மதிப்பும் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

படித்த அரசன்

மதுரையின் இன்னொரு கதை சிலப்பதிகாரம்.

பொற்கொல்லன் சொன்ன பொய்யை நம்பி, பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனைக் கொல்லச் செய்தான். கண்ணகி நீதி கேட்டு வந்தாள். அவளுடைய சிலம்பில் மாணிக்கம். அரசியின் சிலம்பில் முத்து. சிலம்பு உடைந்தது. மாணிக்கம் தெறித்தது. உண்மை தெரிந்தது. அரசன் அங்கேயே உயிரை விட்டான்.

இந்தப் பாண்டியன் படிக்காதவன் அல்ல. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பெயரில் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. கல்வியின் பெருமையைச் சொல்லும் பாட்டு அது. வயதில் மூத்தவனை விட அறிவு உள்ளவனுக்கே மதிப்பு என்பது அதன் கருத்து.

கல்வியைப் பற்றிப் பாடிய அரசனே, விசாரிக்காமல் தீர்ப்புக் கூறினான். படிப்பு மட்டும் போதாது என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் அவன் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். கையில் சிலம்போடும், கண்ணில் கோபத்தோடும் ஒரு பெண் வாசலில் நிற்பதாகக் காவலன் வந்து சொன்னான். "விரட்டி அடி" என்று அரசன் சொல்லவில்லை. உள்ளே வரச் சொன்னான். அவளைப் பேச விட்டான். அவள் பேசியதால் அவனுக்கு உண்மை தெரிந்தது. அந்த உண்மை அவன் உயிரை வாங்கியது. ஆனால் நீதி தெரிந்த அரசன் என்ற பெயரை அதுதான் அவனுக்கு வாங்கிக் கொடுத்தது.

இவை பழைய கதைகள். பாட்டன் காலத்தில் நடந்த ஓர் உண்மைக் கதை இருக்கிறது. அது திருமங்கலத்துக் கதை.

ராஜபார்ட் விஸ்வநாததாஸ்

மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது திருமங்கலம். அங்கே வாழ்ந்தவர் விஸ்வநாததாஸ்.

அவர் 1886-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி சிவகாசியில் பிறந்தார். மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். நல்ல குரல் வளம் உண்டு. ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் வேடம் போட்டுப் பெரும் புகழ் பெற்றார்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன?

ஓர் ஊரில் இருந்து ராஜபார்ட் வருவார். இன்னோர் ஊரில் இருந்து ஸ்திரீபார்ட் வருவார். பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் எல்லாரும் வேறு வேறு ஊரில் இருந்து வந்து சேருவார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். மேடை ஏறிய பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் உண்டு! இரவு தொடங்கும் நாடகம், விடிய விடிய நடக்கும்.

ஒத்திகை இல்லாததால் ஒரு வசதி இருந்தது. நடுவில் எந்தப் புதுப் பாட்டை வேண்டுமானாலும் சேர்த்துக் கொள்ளலாம். எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரும் என்று போலீசாருக்கு முன்கூட்டியே தெரியாது!

அந்த வசதியை விஸ்வநாததாஸ் நன்றாகப் பயன்படுத்திக் கொண்டார்.

கொக்கு யார்?

"வள்ளி திருமணம்" நாடகத்தில் தினைப்புனக் காட்சி வரும். வள்ளி பரண் மேல் நின்று பறவைகளை விரட்டுவாள். கிளி வரும், குருவி வரும். பறவைகளைப் பற்றிய பாட்டுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

அந்தக் காட்சிக்குப் பொருத்தமாக ஒரு புதுப் பாட்டு வந்தது. அதை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892-ல் பிறந்து 1952-ல் மறைந்தவர். 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" படத்துக்கும் பாட்டு எழுதியவர் அவரே.

புதுப் பாட்டில் வந்த பறவை, வெள்ளைக் கொக்கு.

கேட்பவர்களுக்கு உடனே புரிந்து விட்டது. கண்மாய்க் கரையில் நிற்கும் கொக்கை எல்லாருக்கும் தெரியும். அசையாமல் சாதுவாக நிற்கும். மீனைக் கண்டால் கொத்தி விழுங்கும். வெள்ளையாக இருப்பது கொக்கு மட்டும்தானா? ஊரை ஆள்கிறவனும் வெள்ளையன்தானே!

விஸ்வநாததாஸ் பாடினார். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் பத்திரிகை படிக்கக் கூடியவர்கள் மிகக் குறைவு. 1921-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை.

1919-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி அமிர்தசரஸ் நகரில், ஜாலியன்வாலா பாக் என்ற இடத்தில் கூடி இருந்தவர்களை ராணுவம் சுட்டுத் தள்ளியது. சர்க்கார் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். செய்தி பரவாமல் இருக்கச் சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் பஞ்சாப் படுகொலையைப் பற்றியும் பாஸ்கரதாஸ் பாட்டு எழுதினார். தெற்கே கிராமத்து மேடைகளில் அந்தப் பாட்டு ஒலித்தது. எங்கோ ஆயிரம் மைலுக்கும் அப்பால் சிந்திய ரத்தம், தென்பாண்டி நாட்டு உழவன் கண்ணில் நீராக வந்தது. எழுத்துத் தெரியாத மனிதனுக்கு நாடக மேடைதான் பள்ளிக்கூடம்!

29 தடவை சிறை

ஆனால் பள்ளிக்கூடத்து வாசலில் போலீஸ் நின்றது.

நாடகங்களை அடக்குவதற்கென்றே வெள்ளைக்கார சர்க்கார் 1876-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்திருந்தது. சர்க்கார் மீது வெறுப்பை உண்டாக்கும் நாடகம் என்று பட்டால், அதைத் தடை செய்யலாம். நடிப்பவர்களைத் தண்டிக்கலாம்.

விஸ்வநாததாஸ் கைது செய்யப்பட்டார். வெளியே வந்தார். மறுபடியும் பாடினார். மறுபடியும் கைது. இப்படி அவர் 29 தடவை சிறை சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அவருக்கு வேறு வழி இல்லாமலா போயிற்று? பழைய பாட்டையே பாடி இருந்தால் போதும். முருகன் வேடத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்ற பெயர் இருந்தது. பணம் கொட்டி இருக்கும். அவரோ பாடிச் சம்பாதித்ததை எல்லாம் தொலைத்துக் கடனாளி ஆனார்.

சர்க்கார் மட்டும் அல்ல, ஜாதியும் அவருக்கு எதிரியாக இருந்தது. பிறந்த சமூகத்தைக் காரணம் காட்டி, அவருடன் ஜோடியாக நடிக்கச் சில நடிகைகள் மறுத்தார்கள். முருகன் வேடம் போட்டால் கும்பிடும் ஜனங்கள் உண்டு. வேடத்தைக் கலைத்தால் ஜாதி கேட்கும் ஊரும் உண்டு!

அப்போது "நான் நடிக்கிறேன்" என்று முன்வந்தவர் மதுரை கே.பி.ஜானகி அம்மாள். மேடையில் பெரும் புகழ் பெற்ற நடிகை அவர். பின்னர் அரசியலில் குதித்தார். சிறை சென்றார். கம்யூனிஸ்டு இயக்கத் தலைவர் ஆனார். 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். கட்சிக்காகச் சொத்து சுகம் எல்லாவற்றையும் கொடுத்து விட்டு, 1992-ல் மறைந்தார்.

1940-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. சென்னை ராயல் தியேட்டரில் "வள்ளி திருமணம்" நாடகம். விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடினார். பாடிக் கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 54.

விடுதலை வந்த 1947-ஐ அவர் பார்க்கவில்லை. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது.

அவர் சுகமாக வாழ்ந்தாரா? இல்லை. ஆனால், 29 தடவையில் ஒரு தடவையாவது "இனிப் பாட மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்து விட்டு வந்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, மெத்தையில் படுத்திருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சிறையில் இருந்து அவர் நேராக மேடைக்குத்தான் போனார்.

சட்டம் போனது, பயம் போனதா?

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. பேசவும் எழுதவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று அதன் 19-வது பிரிவு கூறுகிறது. அந்த உரிமைக்குச் சில வரம்புகளும் உண்டு.

ஆனால் நாடகத்தின் மீது இருந்த பிடி உடனே விடவில்லை. சென்னை ராஜ்யத்தில் 1954-ல் புதிதாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. நடிகர் எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனதில் வைத்தே அது கொண்டு வரப்பட்டது என்று பேசப்பட்டது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013-ல்தான் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வெள்ளைக்காரன் போட்ட 1876-ம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றம் ரத்து செய்ததும் மிகவும் தாமதமாகத்தான். 2018-ம் ஆண்டில்தான் அது ஏட்டில் இருந்து நீங்கியது!

சட்டத்துக்குப் பயந்த காலம் ஒன்று. கூட்டத்துக்குப் பயப்படும் காலம் இன்னொன்று.

நாமக்கல்லில் வாழ்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு இது நேர்ந்தது. அவருடைய "மாதொருபாகன்" நாவல் 2010-ல் வெளிவந்தது. நாலு ஆண்டுகள் கழித்து அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. திருச்செங்கோட்டில் கடை அடைப்பு நடந்தது. 2015-ம் ஆண்டு ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம் நடந்தது. அதன் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்து விட்டான் என்று அவரே அறிவித்தார்! தன் புத்தகங்களை எல்லாம் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார்.

விஸ்வநாததாசைச் சிறை மௌனமாக்க முடியவில்லை. இவரைப் பயம் மௌனமாக்கியது.

2016-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சமாதானக் கூட்டத்தின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். ஒரு புத்தகம் பிடிக்காவிட்டால், அதைப் படிக்காமல் மூடி வைத்து விடலாமே என்பது தீர்ப்பின் சாரம்.

அவர் மீண்டும் எழுதினார். முதலில் வெளிவந்த கவிதைப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? "கோழையின் பாடல்கள்". பயந்ததை அவர் மறைக்கவில்லை. பயத்தையே வாய் திறந்து சொன்னார். அதுவும் ஒரு தைரியம்தான்.

எழுதத் தெரியாத அறிவாளி

அறிவு என்றால் புத்தகப் படிப்பு மட்டும்தானா? மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளையைக் கேட்டால் தெரியும்.

மதுரையை அடுத்த பில்லுசேரி கிராமம் அவர் ஊர். எழுதப் படிக்கத் தெரியாது. வயலில் கூலி வேலை. நாற்று நடவும் கதிர் அறுக்கவும் பெண்களைக் கூட்டிக் கொண்டு போவார். எத்தனை பேர், எவ்வளவு கூலி என்று நிலத்துக்காரரிடம் பேசுவது அவர்தான்.

அங்கேதான் அவருடைய கல்வி தொடங்கியது. கணக்கு, தாளில் இல்லை, தலையில் இருந்தது. தனியாகப் போய்க் கேட்டால் ஒரு பெண்ணை விரட்டி விடலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இதுதான் அவர் கற்ற பாடம்.

பிறகு களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்பு இயக்கம் வந்தது. சிறுகச் சிறுகச் சேமித்து, தேவைப்பட்டவருக்குக் கடன் கொடுப்பது அதன் வழி. கந்துவட்டிக்காரரிடம் கை கட்டி நிற்க வேண்டாம். கடன்காரன் எதிரே வந்தால், தெரிந்த நியாயம் கூடத் தொண்டையில் சிக்கிக் கொள்ளும். கடன் இல்லாதவளுக்குக் குரல் தானாக வரும். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேர்த்தவர்களில் சின்னப்பிள்ளை முன்னால் நின்றார்.

2001-ம் ஆண்டு டெல்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்தார்கள். விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே அதிசயித்தது. 2019-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எந்த இடத்தில் என்ன பேச வேண்டும் என்று தெரிந்தவர். படித்தும் பேசப் பயந்தவர்கள் நிறைந்த நாட்டில், படிக்காமலே பேசக் கற்றவர்!

சுமை இறங்க வழி

நக்கீரர், கண்ணகி, விஸ்வநாததாஸ், சின்னப்பிள்ளை. இவர்கள் வாழ்க்கையைப் பார்த்தால் ஒன்று விளங்கும்.

அறிவு சுகத்தைத் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சில சமயம் அது உள்ள சுகத்தையும் பறித்து விடுகிறது. ஆனால், தெரிந்ததைச் சொல்ல முடியாமல் விழுங்குவது அதை விடப் பெரிய துன்பம். தலையில் சுமை ஏறினால், நாலு பேர் கை கொடுத்து இறக்கி விடலாம். மனதில் ஏறிய சுமை, வாய் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

எல்லாரும் 29 தடவை சிறைக்குப் போக முடியாது. போக வேண்டியதும் இல்லை. குடும்பம் இருக்கிறது, பிழைப்பு இருக்கிறது. பயம் வருவது குற்றம் அல்ல. ஆனால் தனியாகப் பேசப் பயமாக இருந்தால், சின்னப்பிள்ளை செய்தது போல நாலு பேரைச் சேர்த்துக் கொள்ளலாம். நேராகச் சொல்ல முடியாவிட்டால், பாஸ்கரதாஸ் போல ஒரு கொக்கைத் தேடிக் கொள்ளலாம். தானே பேச முடியாதவர்கள், ஜானகி அம்மாள் போல, பேசுகிறவர் பக்கத்தில் போய் நிற்கலாம். அதுவும் முடியாதவர்கள், பாண்டியன் போல, வாசலில் வந்து நிற்பவரைப் பேச விடலாம்.

இதற்கெல்லாம் முதல் பள்ளிக்கூடம் வீடுதான். சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "அப்பா, நீங்கள் சொல்வது தப்பு" என்று பிள்ளை சொன்னால், "வாயை மூடு" என்று அதட்டுவது சுலபம். தப்புத்தானா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்ப்பது கஷ்டம். அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கும் வீட்டில் வளரும் பிள்ளைதான், பிற்காலத்தில் ஊர்ச் சபையில் எழுந்து பேசும்.